மாறாத முகவரி

சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, திருதிருவென்று விழித்தபடி கடை வாசலில் வந்து நிற்பவர்களைப் பார்த்தால் சாவிக்காரிக்குச் சிரிப்பு வரும். முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டாள். "எல்லாருக்கும் நடக்கறதுதாங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கூடவே போவாள். திரும்பி வந்தபிறகு நாத்தனாரிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பதினாறு வருஷத் தொழிலில் அவள் ஒருமுறைகூடத் தன் சாவியை உள்ளே வைத்துப் பூட்டியதில்லை. அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

கடை ஒரு கதவு அகலம், ஒரு கட்டில் நீளம். வாடிக்கையாளர் இரண்டு பேர் சேர்ந்து வந்தால் ஒருவர் வெளியே நின்று வெயிலில் காய வேண்டும். சுவர் முழுக்க ஆணியில் இன்னும் வெட்டாத வெத்துச் சாவிகள். மேசைமேல் சாவி வெட்டும் மெஷின், பக்கத்தில் எழுத்துப் பொறிக்கும் மெஷின். மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் மாமனார்.

மாமனார் முப்பது வருஷம் சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தவர். ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்த பிறகும் அந்தக் கை மட்டும் மறக்கவில்லை. யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் வாங்கிப் பாதியாகக் கிழித்து, ஒரு பாதியை மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார். மின்சார பில்லை இரண்டு முறை அப்படிக் கொடுத்திருக்கிறார். மகன், சாவிக்காரியின் கணவன், லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க யாருடைய கட்டடத்திலாவது தொங்கிக்கொண்டிருப்பான். அதனால் காலையில் கடைக்கு வரும்போது மருமகள்தான் அவரையும் கூட்டி வருவாள்.

அவர் வலது மணிக்கட்டில் ஒரு விரல் அகலத்துக்கு ஸ்டீல் பட்டை. வெளிப்பக்கம் ஓர் இணைய முகவரி, அதன் கீழே ஒரு எண். அவருடையது எண் ஒன்று. வழி தெரியாமல் நிற்கும் ஒருவரைப் பார்ப்பவர்கள், போனில் அந்த முகவரியைத் தட்டி எண்ணைப் போட்டால், வீட்டாரின் போன் நம்பர் வரும். அவ்வளவுதான் ஏற்பாடு. பட்டையின் கொக்கியை விரலால் திறக்க முடியாது. கடையில் இருக்கும் சின்னத் திருப்புளி வேண்டும். அதுவும் அவள் யோசித்துச் செய்ததுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் வந்து நின்றபோது, இவளும் சாவியைத் தொலைத்துவிட்டாள் என்றே சாவிக்காரி நினைத்தாள்.

"என்னம்மா, உள்ள மாட்டிக்கிச்சா?"

அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். நடுவில் வெட்டப்பட்டிருந்தது. எண் அறுபத்தொன்று.

"டிராயிங் டீச்சரம்மாவோடதா? உங்க அம்மாவுக்கு..."

"இருக்காங்க. கை வீங்கிப் போச்சுன்னு ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்தாங்க. ஞாயித்துக்கிழமை காலையில நான் குளிக்கப் போன நேரத்துல பஸ் ஏறிப் போயிட்டாங்க. கடைசி ஸ்டாப்புல இறக்கி விட்டுட்டாங்க. டிக்கெட் செக்கர் ஒருத்தர் நல்ல மனுஷன், பட்டையைப் பாத்துட்டுப் போன்ல போட்டிருக்காரு. என்ன வந்துச்சு தெரியுமா?"

"நம்பர் வந்திருக்கும்."

"நீங்களே போட்டுப் பாருங்க."

சாவிக்காரி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். தட்டினாள். வண்ண வண்ணமாக ஒரு சக்கரம் வந்தது. தானாகச் சுற்றியது. கீழே ஐந்து நிமிஷத்திலிருந்து நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. அதற்குள் சேர்ந்தால் முதல் ஆட்டம் இலவசமாம்.

எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று மறுபடி தட்டினாள். மறுபடியும் சக்கரம்.

"அந்த ஆளு என்ன நினைப்பாரு? ஏதோ சூதாட்டக் கம்பெனிக்காரன் விளம்பரத்துக்குக் குடுத்த வளையல்னு விட்டுட்டாரு. அம்மா ஆறு மணி நேரம் அங்கயே வெயில்ல நின்னிருக்காங்க. போறவங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் கையை நீட்டிக்கிட்டு. பிச்சை கேக்கறாங்கன்னு யாரோ சில்லறை போட்டிருக்காங்க." அவள் குரல் உடையவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நான் அன்னிக்கே போன் நம்பரைப் பொறிச்சுக் குடுங்கன்னு சொன்னேன். நீங்கதான், நம்பர் மாறும், முகவரி மாறாதுன்னீங்க."

சொன்னாள்தான். இந்த இடத்தில், இதே மேசைக்குப் பின்னால் நின்று சொன்னாள். அந்தப் பெண்ணிடம் மட்டுமா? நூற்றெண்பத்து மூன்று பேரிடம் சொன்னாள்.

மாமனார் எழுந்து வந்து மருந்துக்கடைப் பெண்ணின் முன்னால் கையை நீட்டினார். "இதுல பாரும்மா. எங்க வீடு இருக்கு."

அந்தப் பெண் பட்டையைப் பார்த்தாள். பிறகு சாவிக்காரியைப் பார்த்தாள். "மத்தவங்களுக்காவது சீக்கிரம் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆரம்பத்தில் பட்டையில் போன் நம்பரைத்தான் பொறித்துக்கொண்டிருந்தாள். யோசனை நாத்தனாருடையது. நாத்தனார் முதியோர் இல்லத்தில் நர்ஸ். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். "அண்ணி, சாவிக்கு டூப்ளிகேட் போடறீங்க. மனுஷங்க தொலைஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று விளையாட்டாகத்தான் கேட்டாள். முதல் வருஷம் இருபது பட்டைகள் போயின. பிறகு ஒரு பெரியவர் காணாமல் போய், பார்த்தவர்கள் பட்டையில் இருந்த நம்பருக்கு அடித்தபோது யாரோ எடுத்து "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார்கள். மகன் நம்பரை மாற்றி நான்கு மாதம் ஆகியிருந்தது. பெரியவர் கிடைக்க இரண்டு நாள் ஆனது.

அதற்கப்புறம் சாவிக்காரிக்குத் தூக்கம் போயிற்று. ஸ்டீலில் பொறித்ததை அழிக்க முடியாது. அப்படியானால் மாறாத ஒன்றைத்தான் பொறிக்க வேண்டும். மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் ஆறு வாரம் உட்கார்ந்தாள். வகுப்பிலேயே வயதில் மூத்தவள் அவள்தான். சொல்லிக் கொடுத்தது எல்லாவற்றையும் நோட்டில் நம்பர் போட்டு எழுதிக்கொண்டாள். ஒரு முகவரி வாங்கி, அதில் ஒரு பக்கம் வைத்துவிட்டால் போதும். வீட்டார் நம்பரை மாற்றினால் அந்தப் பக்கத்தில் தாங்களே மாற்றிக்கொள்ளலாம். பட்டையைத் தொடவே வேண்டாம். இது புரிந்த அன்று அவள் பேருந்தில் வரும்போதே தனக்குள் சிரித்துக்கொண்டு வந்தாள்.

வாங்கிய நாளும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாத்தனாரின் லேப்டாப், இந்த மேசை. முதல் வருஷத்துக்கு முகவரியின் விலை ஒரு சாவி வெட்டும் கூலியைவிடக் குறைவு.

"அடேங்கப்பா, இவ்வளவுதானா?" என்றாள் நாத்தனார். "ரெண்டா வாங்கிக்கலாமா அண்ணி? ஒண்ணு எனக்கு."

பணம் கட்டும் பக்கத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. நான்கிலும் அவர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள். சாவிக்காரி ஒவ்வொன்றாகப் படித்தாள். இரண்டை எடுத்துவிட்டாள். இரண்டை விட்டுவைத்தாள்: ஒன்று, வாங்கியவர் விவரத்தை வெளியில் காட்டாமல் மறைப்பது, இன்னொன்று, அந்த முகவரியின் பேரிலேயே ஒரு மெயில். இரண்டும் முதல் வருஷம் இலவசம். கடைக்கென்று ஒரு மெயில் இருந்தால் கௌரவமாக இருக்குமே என்று தோன்றியது. வகுப்பில் "எல்லாத்தையும் ஒரே இடத்துல வையுங்க" என்று சொல்லியிருந்தார்கள். அதனால் முகவரி விற்ற கம்பெனியில் தன் கணக்குக்கும் அந்தப் புது மெயிலையே கொடுத்தாள். போன் நம்பர் கேட்ட இடத்தில் கடையின் லேண்ட்லைன். அதற்கு மெசேஜ் வராது என்று அப்போது தோன்றவில்லை.

இரண்டாவது வருஷம் முகவரிக்குப் பன்னிரண்டு சாவிக் கூலி தானாகவே கார்டிலிருந்து போயிற்று. விவரத்தை மறைக்க ஐந்து சாவி. மெயிலுக்குத் தனியாக எட்டு சாவி கேட்டார்கள். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று முனகிக்கொண்டு, மெயில் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நமக்கு யார் மெயில் எழுதப் போகிறார்கள்?

மூன்றாவது வருஷம் வங்கிக்காரன் பழைய கார்டு காலாவதி என்று புதுக் கார்டு அனுப்பினான். அதைப் பத்திரமாக நோட்டில் எழுதி வைத்தாள். முகவரி விற்ற கம்பெனிக்கும் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த வருஷத்துப் பணம் பழைய கார்டிலிருந்து போகவில்லை என்பதும் அவளுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாத்தனார் டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு கடைக்கு வந்தாள். சாவிக்காரி நோட்டைப் பிரித்து, பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். நாத்தனார் தட்டினாள்.

"உங்க மெயிலுக்கு ஒரு கோடு நம்பர் அனுப்பியிருக்கோம், அதைப் போடுங்கன்னு கேக்குது அண்ணி."

"எந்த மெயிலுக்கு?"

நாத்தனார் திரையைத் திருப்பிக் காட்டினாள். பாதி எழுத்துக்களுக்குப் பதில் புள்ளிகள். ஆனால் பின்பாதி தெளிவாகத் தெரிந்தது. மாமனார் மணிக்கட்டில் இருக்கும் அதே முகவரி.

மெஷின் மேல் உலோகத் தூள் மின்னியது.

"அண்ணி," என்றாள் நாத்தனார் மெதுவாக, "சாவியை உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்க."

வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

மறுநாள் காலை அந்தக் கம்பெனியின் உதவி நம்பருக்கு அடித்தாள். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பையன், தேன் தடவிய குரல்.

"சொல்லுங்க மேடம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

சொன்னாள். முழுசாகச் சொன்னாள். பட்டை, டீச்சரம்மா, சக்கரம்.

"புரியுது மேடம். ரொம்ப வருத்தமா இருக்கு. முதல்ல நீங்கதான் உரிமையாளர்னு சரிபார்க்கணும். உங்க மெயிலுக்கு ஒரு கோடு அனுப்பறேன்."

"தம்பி, அந்த மெயிலு அந்த முகவரியிலதான் இருந்துச்சு."

"சரி மேடம், அதைத் திறந்து பாருங்க."

"முகவரி போயிடுச்சுன்னுதானே போன் பண்றேன்."

"ஆமா மேடம். கோடு வந்துச்சா?"

"எப்படிப்பா வரும்?"

"ஸ்பாம்ல பாத்தீங்களா மேடம்?"

சாவிக்காரி போனைக் காதிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். கதவுக்கு உள்ளே இருக்கும் சாவியை எடுத்து வெளியிலிருந்து திறங்கள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு கம்பியாவது கொடுப்பாள்.

"வேற வழி இல்லையா தம்பி?"

இருந்தது. அடையாள அட்டை, கடை உரிமம், அவள் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்த போட்டோ. சரிபார்க்க மூன்றிலிருந்து ஐந்து வேலை நாள். வேலை நாள் என்றால் சனி ஞாயிறு கிடையாது. தேதி முடிந்து நாற்பத்தொரு நாள் ஆகிவிட்டதால் சாதாரணப் புதுப்பிப்பு நடக்காது. 'மீட்பு' என்று ஒரு கட்டம், அதற்குத் தனிக் கட்டணம்.

"எவ்வளவு?"

பையன் சொன்னான். அவள் மனசுக்குள் சாவிக் கணக்குப் போட்டாள். தொண்ணூறு சாவி. அதற்குமேல் புதுப்பிப்பு, அதற்குமேல் மறைப்பு, அதற்குமேல் வரி.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி. தேதி முடியுதுன்னு."

"ஆறு நோட்டீஸ் அனுப்பியிருக்கோம் மேடம்," என்றான், உண்மையிலேயே வருத்தப்படும் குரலில். "உங்க மெயிலுக்கு."

மறைப்புக்குப் பணம் கட்டாததால் அதுவும் விலகியிருந்தது. வியாழக்கிழமையிலிருந்து கடை லேண்ட்லைன் அடிக்க ஆரம்பித்தது. "உங்கள் வெப்சைட்டை முதலிடத்துக்குக் கொண்டு வருகிறோம்" என்று ஒருவன். "உங்கள் முகவரியை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று இன்னொருவன். ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் எங்கேயோ யாரோ பட்டையைப் பார்த்துவிட்டு அழைக்கிறார்கள் என்று பாய்ந்து எடுத்தாள். பட்டையில் கடை நம்பரே இல்லை என்பது எடுத்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

அதற்குள் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பட்டை வாங்கியவர்களை ஒவ்வொருவராக அழைத்தாள். இரண்டாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தாள். நோட்டு சுத்தமாக இருந்தது. தேதி, பெயர், மணிக்கட்டின் அளவு, போன் நம்பர் எல்லாம் வரிசையாக. ஆனால் அந்த நம்பர்கள் பட்டை வாங்கிய அன்று கொடுத்தவை. மாற்றியவர்கள் எல்லாரும் அவள் சொன்னபடியே அந்தப் பக்கத்தில் மாற்றிக்கொண்டார்கள். அவளிடம் சொல்ல வேண்டியதில்லை என்று அவளே பெருமையாகச் சொல்லியிருந்தாள். புது நம்பர்கள் எல்லாம் உள்ளே இருந்தன. கதவு சாத்தியிருந்தது.

சிலர் எடுத்தார்கள். சிலர் திட்டினார்கள். சிலர் திட்டாமல் "சரிங்க" என்று வைத்தது அதைவிட வலித்தது. பத்தொன்பது வீடுகளில் "அவர் போய்ட்டாருங்க" என்றார்கள். முதல் தடவை அதைக் கேட்டபோது அவளுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அதை நினைத்து அன்று மதியம் அவளால் சாப்பிட முடியவில்லை.

அடுத்த புதன்கிழமை அடையாளம் சரிபார்க்கப்பட்டது. கணவன் சேர்த்து வைத்திருந்த பல் வைத்தியப் பணத்தை எடுத்துக் கொடுத்தான். "பல்லு எங்கயும் ஓடிப் போகாது. அப்படியே போனாலும் பக்கத்துலதான் விழும்" என்றான். கட்டினாள். 'உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது. நாத்தனார் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

வெள்ளிக்கிழமை இன்னொரு செய்தி வந்தது. அந்த முகவரி முப்பத்தைந்தாம் நாளே கூட்டாளிக் கம்பெனி வழியாக ஏலத்தில் போய்விட்டதாம். மீட்பு முயற்சி வெற்றி பெறும் என்று உறுதியில்லை என நிபந்தனையில் சொல்லியிருக்கிறார்களாம். நிர்வாகச் செலவு போக மீதி திருப்பித் தரப்படும். கணக்கில் முதலில் பதிவான கார்டுக்கு.

"அது செத்துப் போன கார்டு," என்றாள் சாவிக்காரி.

"நாம போன் பண்றதுக்கு ஆறு நாள் முன்னாடியே போயிடுச்சு அண்ணி," என்றாள் நாத்தனார் திரையைப் பார்த்தபடி. "அந்தப் பையன் பேசும்போதே அது அவங்ககிட்ட இல்ல. இல்லாததை மீட்கறதுக்குக் காசு வாங்கியிருக்காங்க."

"அவனுக்குத் தெரிஞ்சிருக்காது."

"நீங்க அவனுக்கும் பாவம் பாருங்க."

சக்கரத்துக்குக் கீழே, மிகச் சின்ன எழுத்தில், 'இந்த முகவரியை வாங்க விருப்பமா?' என்று இருந்தது. நாத்தனார் அதில் எழுதினாள். முதியவர்கள், பட்டை, டீச்சரம்மா, எல்லாம். "மனுஷன்னா இரக்கம் இருக்கும்" என்றாள். பதில் இரண்டு மணி நேரத்தில் வந்தது. இரக்கம் இல்லை, கோபமும் இல்லை. ஒரு தொகை. சாவிக் கணக்கில் அறுநூறு.

திங்கட்கிழமை அது எண்ணூறு ஆகியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு ஒரு வரி: கடந்த வாரம் இந்த முகவரிக்கு வருபவர்களின் எண்ணிக்கை மிகவும் அதிகரித்துள்ளது.

"யாரு வர்றாங்க?" சாவிக்காரி பட்டென்று எழுந்தாள். "தொலைஞ்சவங்களைப் பாத்தவங்களா? அத்தனை பேரா தொலைஞ்சுட்டாங்க?"

நாத்தனார் திரையிலிருந்து தலையை நிமிர்த்தினாள். பிறகு கேட்டாள். "அண்ணி, நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை போட்டுப் பாக்கறீங்க?"

சாவிக்காரி கணக்கு வைத்திருக்கவில்லை. எழுந்ததும் பார்ப்பாள். கடை திறந்ததும். ஒவ்வொரு சாவி வெட்டி முடித்ததும். ஒருவேளை திரும்பி வந்திருக்குமோ, ஒருவேளை எங்கேயோ தப்பு நடந்து சரியாகியிருக்குமோ என்று.

"நான் இல்லத்துல டியூட்டி நடுவுல முப்பது தடவை பாப்பேன்," என்றாள் நாத்தனார். "அண்ணனும் லிஃப்ட்டுக்குள்ளேர்ந்து பாக்கறான். நீங்க போன் பண்ணிச் சொன்ன நூறு வீட்டுலயும் பாப்பாங்க. விலையை நாமதான் ஏத்தி விட்டிருக்கோம்."

அன்றிலிருந்து பார்க்காமல் இருக்க முயன்றாள். அடிபட்ட இடத்தைத் தொட்டுப் பார்க்காமல் இருப்பதுபோல் இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம்வரை தாக்குப் பிடித்தாள்.

எண்ணூறு சாவியை அவள் வெட்ட முடியாதவள் இல்லை. ஆனால் வெட்டி முடிப்பதற்குள் அது எத்தனை ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. கொடுத்த பிறகு அந்த ஆள் உண்மையிலேயே முகவரியைக் கொடுப்பானா என்பதற்கும் ஒரு பையனும் தேன் குரலில் உத்தரவாதம் தரவில்லை.

மாத முடிவில் நோட்டில் கணக்கு இப்படி நின்றது. நூற்றெண்பத்து மூன்றில் நூற்றுப் பதினேழு பேர் கிடைத்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வந்து பட்டையைக் கொடுக்க, அவள் அரத்தால் ராவி எழுத்தை எடுத்து, பழையபடி போன் நம்பரைப் பொறித்துக் கொடுத்தாள். பணம் வாங்கவில்லை. "நம்பர் மாறினா உடனே வந்துடுங்க" என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை சொன்னாள். பத்தொன்பது பேர் போய்விட்டார்கள். மீதி நாற்பத்தேழு பேர் எங்கே என்று தெரியவில்லை. எங்கேயோ நாற்பத்தேழு மணிக்கட்டுகள், அவள் கையால் ஆழமாக, அழகாகப் பொறித்துக் கொடுத்த அதே பதினொரு எழுத்துகளோடு இருக்கின்றன. ஆழமாகப் பொறிக்க வேண்டும், தேயக் கூடாது என்பதற்காக அவள் ஊசியை இரண்டு முறை ஓட்டுவாள்.

நூற்றுப் பதினேழில் ஒருவர் மட்டும் பக்கத்திலேயே, பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்.

மாமனாருடையதைத்தான் முதலில் மாற்றியிருக்க வேண்டும். முதல் நாளே திருப்புளியை எடுத்துக்கொண்டு போனாள். அவர் கையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"கழட்டக் கூடாது."

"நான்தான் மாமா. ஒரு நிமிஷம். எழுத்தை மாத்திட்டுத் திரும்பப் போட்டுடறேன்."

"கழட்டக் கூடாது. என் மருமக சொல்லியிருக்கா."

அவள்தான் சொல்லியிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், அவருக்கு இன்னும் கொஞ்சம் ஞாபகம் மிச்சமிருந்தபோது, தினம் காலையில் காபி டம்ளரைக் கையில் கொடுக்கும் முன் சொல்ல வைப்பாள். கழட்டக் கூடாது. யார் கேட்டாலும் கழட்டக் கூடாது. வழி தெரியலைன்னா கையை நீட்டணும். எட்டு மாதம் ஆயிற்று, அது அவருக்குள் இறங்க. மனைவியின் முகம் போயிற்று, மகனின் பேர் போயிற்று, இரண்டு மாதமாக மருமகள் யார் என்பதும் போயிற்று. அவள் சொன்னது மட்டும் போகவில்லை. அங்கேயும் அவள் இரண்டு முறை ஊசி ஓட்டியிருந்தாள்.

மகன் வந்து கெஞ்சினான். நாத்தனார் நர்ஸ் உடையில் வந்து, "தாத்தா, ஊசி போடணும், கையைக் குடுங்க" என்று யாரோ போல நடித்துப் பார்த்தாள். ஊசிக்கு இடது கையைக் கொடுத்தார். தூங்கும்போது மெல்லத் தொட்டால் விழித்துக்கொண்டு அலறினார். அந்த அலறலை ஒருமுறை கேட்ட பிறகு யாருக்கும் மறுபடி தொடத் துணிவு வரவில்லை.

கடைசியில் சாவிக்காரி ஒரு வழி கண்டுபிடித்தாள். கழட்ட வேண்டாம். பட்டையின் அளவுக்கு ஒரு ஸ்டிக்கர் அடித்து, அதில் வீட்டுப் போன் நம்பரைப் போட்டு, அவர் சாப்பிடும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே முகவரிக்கு மேல் ஒட்டிவிட்டாள். அவர் கவனிக்கவில்லை. அன்று அவள் நிம்மதியாக ஒரு கார் சாவி வெட்டினாள்.

மறுநாள் காலை பத்தரை மணி இருக்கும். பீரோ சாவிக்கு டூப்ளிகேட் கேட்டு ஒருவர் வந்தார். கையில் ஹெல்மெட், தெருவுக்குப் புதியவர். சாவிக்காரி வெத்துச் சாவியைத் தேடித் திரும்பியிருந்தாள். முதுகுக்குப் பின்னால் காகிதம் கிழியும் சின்னச் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தபோது மாமனார் ஸ்டிக்கரை நகத்தால் உரித்து, இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை ஹெல்மெட்காரரிடம் மரியாதையாக நீட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் புரியாமல் வாங்கிக்கொண்டார். மாமனார் சட்டை நுனியால் பட்டையைத் துடைத்தார். எழுத்துகள் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தன.

"தம்பி, இதுல பாருங்க. எங்க வீடு இருக்கு."

"இதுலயா தாத்தா? இருங்க, பாக்கறேன்." நல்ல மனுஷன். ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துவிட்டு உடனே போனை எடுத்தார். குனிந்து எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தட்டினார்.

வேண்டாங்க, அது நான்தான், அவர் என் மாமனார், வீடு இரண்டு தெரு தள்ளி என்று சொல்ல ஒரு நொடி போதும். சாவிக்காரியோ, தட்டுகிற அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவேளை இந்தத் தடவை, என்று அவளுக்குள் ஏதோ ஒன்று இன்னும் எட்டிப் பார்த்தது.

"என்னங்க இது, ஏதோ சக்கரம் சுத்துது?" என்றார் அவர், அவளைப் பார்த்து.

மாமனார் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை. சக்கரம் சுற்றிச் சுற்றி மெதுவாக நின்றது. அவர் முகம் மலர்ந்தது. பல நாள் பயணம் முடிந்து படியேறுகிறவர் போல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆங்," என்றார். "இதான். வந்துட்டோம்."

சாவிக்காரி ஹெல்மெட்காரர் கையிலிருந்த அரை ஸ்டிக்கரை வாங்கிக்கொண்டாள். அதில் வீட்டுப் போன் நம்பரின் முதல் ஐந்து இலக்கங்கள் மட்டும் இருந்தன.